அண்ணைக்கு அலுப்படித்த காலம்

விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினால் சில்லு அசையாது, சங்கிலி மட்டும் வெறுமனே ஓடும், பின்சில்லின் நடுவிலிருந்து 'டிரிக் டிரிக் டிரிக்' என்று உலர்ந்த சத்தம் ஒன்று வந்துகொண்டேயிருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணயரும் நேரம் பார்த்து அண்ணை அந்தச் சத்தத்தைத் தொடங்குவார். குசினிக்குள்ளிருந்து அம்மா, உந்தச் சைக்கிளை விடன் தம்பி என்பார். சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கிணற்றடி வாழையில் காற்றுப் படுவதுகூடக் கேட்கும். பிறகு, யாருக்கென்றும் இல்லாமல் முகட்டைப் பார்த்துச் சொல்வதுபோல அண்ணையின் குரல் வரும்: "அலுப்படிக்குது."

களைத்துப்போனாலும் எங்கள் ஊரில் அலுப்பு என்பார்கள். அண்ணை சொன்னது அந்த அலுப்பல்ல. பொழுது நகராமல் முன்னால் வந்து குந்திக்கொண்டு, எழும்பமாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது வருகிற அலுப்பு. அந்த வருசம் அதை எங்கள் வீட்டில் கேட்காத நாள் இல்லை.

எங்கள் வீடு உரும்பிராயில், கோப்பாய்ப் பக்கம் போகும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் இருந்தது. அப்பாவுக்குத் தோட்டம், வெங்காயம், பீற்றூட், மழை முடிந்தால் புகையிலை. தங்கச்சி எனக்குப் பதினொரு வயது, அண்ணைக்குப் பதினெட்டு. சண்டை மறுபடி தொடங்கி, தெற்கே போகும் கண்டி வீதியை மூடிவிட்டார்கள். 'பாதை பூட்டின காலம்' என்று இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மின்சாரம் நினைத்தால் வரும், தொலைபேசி செத்துக் கிடந்தது, பின்னேரமானால் ஊரடங்கு. அண்ணை பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பள்ளிக்கூடம் ஒரு நாள் நடந்தால் இரண்டு நாள் நடக்காது, 'ரியூசன்' கொட்டில்களைப் பூட்டிவிட்டார்கள், சோதனை எப்போது வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய விசயம், அந்த வயதுப் பெடியன்கள் ஒழுங்கையில் நின்றாலே தாய்மார் ஓடிவந்து உள்ளே கூப்பிட்ட காலம் அது. போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது என்று பெயர் சொல்லிக் கதைக்காத பழக்கம் எங்களுக்கு அப்போதே வந்துவிட்டது. 'அவை', அதாவது 'அவர்கள்', என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

அதே விறாந்தை, அதே பின்னேரம், எனக்கு மட்டும் அலுக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த சின்ன வெங்காயம் சாக்கில் குவிந்து கிடக்கும். வேரையும் தாள் நுனியையும் நறுக்கிப் பிடி கட்டவேண்டும். நான் ஒரு பலகைக் கட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தேனென்றால் பொழுதுபட்டதும்தான் எழும்புவேன். ஒவ்வொரு வெங்காயத்திலும் எனக்குப் பார்க்க ஏதோ இருந்தது. அண்ணையும் இருப்பார். முதல் சாக்கை எங்கள் எல்லோரையும்விட வேகமாக நறுக்கி முடிப்பார். இரண்டாவது சாக்கை இடக்கையால் நறுக்கிப் பார்ப்பார். மூன்றாவதைத் துவாயால் கண்ணைக் கட்டிக்கொண்டு, விரலால் தடவியே நறுக்குவார், ஒரு விரலும் வெட்டுப்படாது. பிறகு கத்தியை வைத்துவிட்டு, இனி இதிலை ஒண்டும் இல்லை என்று எழும்பிவிடுவார்.

தோட்டத்திலும் இதே கூத்துத்தான். இறைப்புக்குப் போனால் பாத்தி பாத்தியாக மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நிற்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அண்ணை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, ஆள் நிற்காமலே தண்ணீர் தானாகப் பாத்தி மாறுகிற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டுகிறேன் என்று வெட்டி, பீற்றூட் பாத்தி முழுவதையும் குளமாக்கிவிட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், வாய்க்காலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். காலிலை சில்லுப் பூட்டிப் பிறந்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அம்மாவுக்கு அது சிரிக்கிற விசயமாக இல்லை. சாதகத்தைக் கொண்டுபோய்ச் சாத்திரியாரிடம் காட்டினார். அவர் சனியன் பார்க்கிற இடம் சரியில்லை என்று சொல்ல, கோயிலில் ஒரு நூல் மந்திரித்துக் கையில் கட்டியாயிற்று. காய்ச்சலுக்கும் கண்ணூறுக்கும் நூல் கட்டின ஊரில் அலுப்புக்கு நூல் கட்டின ஒரே ஆள் எங்கடை அண்ணைதான்.

மற்றவர்கள் வைத்த பெயர் 'பஞ்சி'. சோம்பலை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. இப்போது நான் தெல்லிப்பழைப் பக்கத்தில் படிப்பிக்கிறேன். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே வெயில். ஒரு பிள்ளை நான் மூன்றாம் தரம் சொல்வதையும் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறது, பக்கத்துப் பிள்ளையின் கண் இரண்டாம் வசனத்திலேயே யன்னலுக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளையைப் பஞ்சி பிடித்தது என்று சொல்லும் ஆசிரியர்களோடு நான் சண்டைக்குப் போவதுண்டு. பஞ்சிக்காரனுக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா கிடந்தால் அவனுக்குச் சுகம். அலுப்படிக்கிறவனுக்கு ஏதோ வேண்டும், நிறைய வேண்டும், என்ன வேண்டும் என்றுதான் அவனுக்கே தெரியாது, அதுதான் அவனைப் போட்டு வதைக்கிறது. கையில் கிடைத்த எதனுடைய அடியையும் அவன் கெதியில் தொட்டுவிடுகிறான். எனக்கு ஒரு விசயம் பிடிபட நேரமெடுக்கும், அதனால் அதற்குள்ளேயே நெடுநேரம் இருக்கலாம். அதோடு என்னைப் போன்றவர்கள் வெளியே ஒன்றும் இல்லையென்றால் மனதுக்குள்ளே போய் அங்கே உலாவிவிட்டு வருவோம். அண்ணைக்கு அப்படிப் போய்வர உள்ளே ஓர் இடம் இருக்கவில்லை; அவருடைய உலகம் முழுவதும் வெளியே, ஆட்களோடும் சத்தத்தோடும் இருந்தது. அப்படிப்பட்டவரை வாசல் படலையைத் தாண்டாதே என்று சொல்லி வைத்திருந்தால் என்ன ஆகும்? இதெல்லாம் சரியோ தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆளை வைத்துத்தான்.

அந்தக் காலத்தில் அண்ணையைக் காப்பாற்றிவைத்தது ஒரு 'பொட்டு'. வேலியில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளிக்குப் பெயர் அது. அப்போது எங்கள் ஊரில் மதில் குறைவு. கிளுவங்கதியால் நட்டுப் பனையோலை வரிந்த வேலிதான், ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு. பொட்டு வழியாகவே கறிக் கிண்ணம் போகும், வெங்காயம் போகும், ஊரடங்கு நேரத்தில் ஆட்களும் போவார்கள். ஒழுங்கையில் கால் வைக்காமலே ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புக்குப் போகலாம். எங்கள் பின்வேலிப் பொட்டுக்கு அப்பால் ராசாத்தி அன்ரி தனியாக இருந்தார். அவருடைய மகன் சுவிசில். மகன் விட்டுப்போன, காய் அடித்து விளையாடும் 'கரம்' பலகை அவர் வீட்டு முன்னறையில் கிடந்தது. அண்ணையும் சுற்றுவட்டத்துப் பெடியன்கள் இரண்டு மூன்று பேரும் பின்னேரங்களில் பொட்டு வழியாக அங்கே கூடிவிடுவார்கள். பவுடர் கிடையாத காலம், அன்ரி அரிசிமாவை அரித்துக் கொடுப்பார், மறுநாள் பலகை முழுக்க எறும்பு ஊரும். மகன் போனபிறகு வீட்டுக்குள்ளே ஒரு மனிதச் சத்தம் கேட்கிறதே என்று அன்ரிக்குச் சந்தோசம். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே அண்ணையின் சிரிப்பை நான் கேட்பேன். திரும்பி வரும்போது குளித்துவிட்டு வந்தவர் மாதிரி முகம் இருக்கும்.

ஒரு நாள் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி, பெடியன்கள் கூடியிருந்து சீட்டுக் கடுதாசி விளையாடிய ஒரு வீட்டுக்குள் 'அவை' புகுந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அப்பா உடனே கத்தியை எடுத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கதியால் வெட்டி வந்து, பின்வேலிப் பொட்டை அடைத்தார். மாடு புகாமல் அடைக்கிற மாதிரி, முள்ளுக்கம்பியைக் குறுக்கும் மறுக்கும் இழுத்துக் கட்டி, மேலே ஓலை வைத்து வரிந்தார். அண்ணை விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பொட்டை அடைப்பது சும்மா விசயமல்ல. எல்லைத் தகராறு, கலியாணப் பேச்சுக் குழம்பினது, செத்தவீட்டுக்கு வராதது, இப்படி ஏதாவது நடந்தால்தான் அடைப்பார்கள். அடைத்தால் இனி உங்களோடு கதை இல்லை என்று அர்த்தம். அது அப்பாவுக்குத் தெரியாததல்ல. காரணத்தைப் போய்ச் சொன்னால், உங்கள் வீட்டில் பெடியன்கள் கூடுகிறார்கள் என்று வாயால் சொன்னதாகிவிடும், அந்தச் சொல் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய், போகக்கூடாத காதுக்கும் போய்ச் சேரும் என்று அவர் பயந்தார். நிலைமை சரியானதும் ராசாத்தியக்காவுக்கு விளங்கப்படுத்தலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அன்ரிக்கு அது எப்படித் தெரியும்? காலையில் எழும்பிப் பார்த்தால் பொட்டு இல்லை. என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்து யோசித்து அழுதாராம். வழக்கமாக வேலிக்கு மேலால் குரல் கொடுக்கிறவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அண்ணை சில நாள் பொறுத்தார். சைக்கிள் பெடலைச் சுற்றினார், நிறுத்தினார், கிணற்றைச் சுற்றி நடந்தார், என்னோடு சண்டை பிடித்தார், என் பாடப் புத்தகத்தில் இருந்த படங்களுக்கெல்லாம் மீசை வைத்தார். அம்மா, உனக்கு இஞ்சை என்ன குறை, சும்மா இரன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சும்மா இருப்பதுதான் தன்னால் முடியாத ஒன்று என்பதை அண்ணையால் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஒரு பின்னேரம், ஊரடங்குக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, போட்டு வாறன் என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினார். பொட்டால் போனால் பத்தடி. ஒழுங்கையால் போனால் முடக்குத் திரும்பி, பெரிய தெருவைத் தொட்டு, அடுத்த ஒழுங்கைக்குள் நுழைந்து அன்ரியின் முன்படலைக்குப் போகவேண்டும்.

அவர் அன்ரியைக் கூப்பிடுவது அடைத்த வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அன்ரிக்கும் கேட்டது. அதை அவர் பின்னாளில் எங்கள் விறாந்தையில் இருந்து எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறார். வேலியை அடைத்தவர்கள் இப்போது படலைக்கு வருகிறார்களோ என்று ஒரு ரோசம், வேறொன்றுமில்லை. உடனே ஓடிப்போய்த் திறந்தால் மலிந்துபோவோம் என்று, கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவி வைத்து, கொண்டையை அவிழ்த்து முடிந்து, ஆறுதலாக வந்திருக்கிறார். அவர் படலையைத் திறந்தபோது ரோந்து வந்து போய்விட்டது. ஒழுங்கை முடக்கில், இரண்டு பேருக்கு நடுவில், கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு அண்ணை நடந்து போவதைத்தான் கண்டிருக்கிறார்.

அன்ரி திரும்பி வீட்டுக்குள்ளால் ஓடிவந்து பின்வேலியில் மோதிக்கொண்டு நின்றார். "தம்பியைக் கொண்டு போறாங்கள்" என்று ஓலைக்குள்ளால் அவர் குரல் வந்தது. அப்பா கத்தியைத் தேடவில்லை. தான் கட்டின முள்ளுக்கம்பியை வெறுங்கையால் பிய்த்தார். கை கிழிந்து ஓலையெல்லாம் இரத்தம், அம்மா கிணற்றடியிலிருந்து ஈரச் சேலையோடு ஓடி வந்தார், நான் வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பொட்டுத் திறந்தபோது அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பிடிக்க ஒழுங்கையில் யாரும் இருக்கவில்லை.

அடுத்த நாட்களை எண்ணி வைக்க எனக்கு மனமில்லை. ஊர் அதிகாரி விதானையாரும் அப்பாவும் அலைந்தார்கள். அம்மா முகாம் வாசலில் போய் இருந்தார், அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு ராசாத்தி அன்ரி கூட இருந்தார். கடைசியில் அண்ணையை விட்டார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று ஊரே சொன்னது. விறைத்த முகத்தோடு வந்து, முதுகு சுவரில் படாமல் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தார். அடித்தார்களா என்று அம்மா கேட்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அண்ணை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் விறாந்தையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏன் ஒழுங்கையிலை நிண்டனி எண்டு கேட்டாங்கள். வீட்டிலை இருக்க அலுப்படிச்சுது எண்டன். பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டாங்கள். திருப்பித் திருப்பி அதையே கேட்டாங்கள். என்னட்டை வேறை பதில் இருக்கேல்லை."

அதற்குப் பிறகு அண்ணை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை, வெங்காயம் நறுக்கத் துணை கிடைத்ததே என்று சந்தோசப்பட்டேன். ஒரு சாக்கு முடிந்தால் அடுத்த சாக்கு. இடக்கையால் நறுக்கிப் பார்க்கவில்லை, கண்ணைக் கட்டவில்லை, என்னைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தார். ராசாத்தி அன்ரி ஒரு நாள் கரம் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு பொட்டு வழியாக வந்து, இது இனி உங்கடை வீட்டிலையே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். நான் விளையாடக் கூப்பிட்டேன், அண்ணை வந்தார். என்னை வெல்ல விட்டார். இன்னொரு ஆட்டம் என்றேன், ஓம் என்றார். இன்னொன்று என்றேன், அதற்கும் ஓம். முன்பென்றால் இரண்டாவது ஆட்டத்தில் காய்களை அள்ளி எறிந்துவிட்டு எழும்பியிருப்பார். பொழுதுபட்டது, பலகையில் காய் தெரியவில்லை, அண்ணை போதும் என்று சொல்லவேயில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பெரியவர்களுக்குப் பெரும் நிம்மதி. பெடியன் அடங்கிவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அம்மாகூட நூல் கட்டினது வீண்போகவில்லை என்று சில நாள் நம்பினார். அப்பா மட்டும் அதில் சேரவில்லை. கிழிந்த கை ஆறின பிறகு, அந்தப் பொட்டில் புல் முளைக்க விடாமல் காலையில் செதுக்கி வைப்பார். அண்ணை அந்த வழியால் பிறகு போனதேயில்லை. சோதனை வைத்தபோது போய் எழுதினார், மறுமொழியில் புள்ளிகள் பரவாயில்லாமல் வந்தன, மேலே படிக்கப் போகச் சொன்னபோது, பாப்பம் என்று தோட்டத்திலேயே நின்றுவிட்டார். கலியாணம் பேசி வந்தவர்களிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு பேச்சும் தானாகவே நின்றுபோனது.

அப்பா இப்போது இல்லை. ராசாத்தி அன்ரியை மகன் சுவிசுக்குக் கூப்பிட்டுவிட்டார். அவர் வளவை வாங்கினவர்கள் சுற்றிவர உயர்ந்த மதில் எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கு வேலி என்று ஒன்று இல்லை, பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அலுப்படிக்குது என்று ஒரு பிள்ளை வாயெடுத்துச் சொல்லி முடிக்க முன்னம் கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம், நானும் கொடுக்கிறேன். அண்ணை அதே வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். தோட்டத்தால் வந்து விறாந்தையில் இருந்தாரென்றால் பொழுதுபடும் வரைக்கும் இருப்பார், போன் பார்க்கமாட்டார், பேப்பர் படிக்கமாட்டார். எவ்வளவு பொறுமையான மனிசன் என்று சொந்தக்காரர் சொல்லும்போது எனக்கு அவர்களை அடிக்கவேண்டும் போல இருக்கும்.

போன பள்ளிக்கூட விடுமுறைக்கு மகளோடு அங்கே போயிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. மழை விடாமல் பெய்தது, மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் முடிந்துவிட்டது. நிலத்தில் உருண்டாள், கதிரையில் தலைகீழாகத் தொங்கினாள், பிறகு சொன்னாள், அலுப்படிக்குது என்று. நான் யோசிக்காமலே, சும்மா இரன் கொஞ்சம் என்று அதட்டினேன். ஒரு மூலையில் இருந்த அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உதுக்கு அவளைப் பேசாதை" என்றார்.

அவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த விசயத்தைப் பற்றி அண்ணை வாய்திறந்தது அன்றைக்குத்தான். மகள் தனக்கு ஆதரவாக ஒரு ஆள் கிடைத்த துணிச்சலில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மாமாவுக்கு அலுக்காதோ என்று கேட்டாள். அண்ணை மழையின் பக்கம் திரும்பினார்.

"முந்தி அலுத்தது" என்றார்.

"நல்லா இருந்ததோ?" என்று கேட்டாள் மகள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

"ஓம்" என்றார் அண்ணை. "நல்லா இருந்தது."

மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை, அவருடைய கையைப் பிடித்து எழும்பச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர்கள் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டேன்.